மெழுகிடுதல்

தமிழில் "மெழுகு" என்னுஞ் சொல் பெயராகவும் வரும், வினையாகவும் வரும். பெயராக வருங்கால் அது தேனடையினின்று பெறப்படும் பொருளைக் குறிக்கும். வினையாக வருங்கால், ஆவின் சாணத்தை நீரிற் கரைத்துத் தரையின்மீது கையாற் பரப்பும் தொழிலைக் குறிக்கும். கோயிற் றொண்டுகளை எண்ணுமிடத்துத் திருவலகிடுதலையும் திருமெழுக்கிடுதலையும் நம் முன்னோர் சேர்த்தே எண்ணினர். பெயரும் வினையும் ஒருங்கு கூடுமாறு மெழுகினைக் கொண்டே மெழுகும் தொழில் ஒன்று உண்டெனின், அது மோட்டார் வண்டிக்கு மெழுகிடுதலேயாகும். கற்றோர் பலர் எழுதும் இக்கல்லூரி மலரில் இதனையா எழுதப் புகுவது எனச் சிலர் நகைக்கக் கூடும். வண்டியை மினுக்குதல் வேலையில்லாதார் வேலை என்று யானும் நெடுங்காலம் எண்ணியிருந்தவனே. ஆத்தூரில் வாழும் என் தாய்மாமன் அத்தொழிலைச் செய்யும் முறையைப் பல்லாண்டு அருகிருந்து பார்த்த பின்னர், அதில் எழுதுதற்குரிய செய்தி உளதென்று தோன்றிற்று.

ஆத்தூர் சேலத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், வசிட்ட நதிக்கரையில் உள்ளது. வடக்கே கல்வராயன் மலையும் தெற்கே பச்சைமலையும் நிற்க, இடைப்பட்ட சமவெளியில் நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளைகின்றன. கெட்டி முதலியார் காலத்துக் கோட்டை ஒன்று ஆற்றங்கரையில் உண்டு. ஆயினும், அவ்வூர்ப் பக்கம் போய் வந்தார்க்கு முதலில் நினைவிற்கு வருவது கோட்டையன்று. மரவள்ளிக் கிழங்கின் புளித்த வாடையே. கிழங்கை அரைத்து மாவெடுத்துச் சவ்வரிசி செய்யும் ஆலைகள் அச்சுற்றுவட்டத்தில் மிகுதி. காற்று வீசும் நாட்களில் ஆலைகளின் காய்களங்களினின்று எழும் வெண்டுகள் வீட்டுத் திண்ணையிலும் துவைத்து உலர்த்திய வேட்டியிலும் படியும். வண்டியின்மீதும் படியும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மாமா அத்தகைய ஆலை ஒன்றிற் சிறு பங்குடையவராயிருந்தார். சேலத்தில் 1981-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கத்திற்குச் சவ்வரிசி மாதிரிகளைக் கொண்டு செல்லுதல் அவர் பொறுப்பு. அவ்வேலைக்கென்றே, முன்பணங் கட்டிக் காத்திருந்து, 1984-இல் அம்பாசடர் மார்க் 4 வண்டியொன்றை வாங்கினார். நிறம் வெள்ளை. அந்நாளில் வண்டி என்றாற் பெரிதும் வழங்கிய பெயர்கள் இரண்டு, ஒன்று அம்பாசடர், மற்றொன்று பம்பாயிலிருந்து வந்த பியட். அம்பாசடர், ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாம் வரிசையைத் தழுவியது. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1950-களின் பிற்பகுதி முதல் 2014 மே மாதம் வரையில் உருவம் பெரிதும் மாறாமலே செய்யப்பட்டு வந்தது. அரை நூற்றாண்டு ஒரே முகத்தோடு இருந்தமைக்கு அதனைப் புகழ்வாரும் உளர், இகழ்வாரும் உளர். யான் இரண்டும் செய்யேன். அதன் உடலமைப்பில் மட்டும் ஒரு செய்தியை ஈண்டுக் குறித்தல் வேண்டும். லாரிக்கு இருப்பது போன்று தனியே ஒரு சட்டமும் அதன்மேல் ஏற்றி வைத்த உடலுமாக அம்பாசடர் செய்யப்படவில்லை. உடற்றகடே அதன் எலும்புமாகும். கதவுகளின் அடியில் நீளவாட்டில் ஓடும் தகட்டுப் பெட்டி துருவேறிப் போயின், மேலே எத்துணைப் பளபளப்பு இருப்பினும் வண்டி வலுவிழக்கும். இது பின்னர் வேண்டப்படும்.

நிற்க. அக்காலத்து வண்டிகளுக்கு இட்ட எனாமல் வண்ணம் இக்காலத்ததைப் போன்றதன்று. இக்காலத்து வண்டிகளில் நிறப் பூச்சின்மேல் நிறமற்ற ஒரு தெளிபூச்சு இடுவர். வெயில் முதலில் அதனையே தாக்கும். பழைய எனாமலிலோ நிறமும் மினுக்கும் ஒரே பூச்சிற் கலந்திருக்கும். சேலம் மாவட்டத்து வெயிலில் ஆண்டுக்கணக்கிற் கிடந்தால் வண்ணத்தைப் பிணைத்து வைத்திருக்கும் பிசின் சிதைந்து, நிறத்தூள் மட்டும் மேலே தளர்ந்து நிற்கும். வெள்ளை வண்டியில் விரலை வைத்துத் தேய்த்தாற் சுண்ணாம்புச் சுவரைத் தொட்டாற் போல விரல் வெளுக்கும். பட்டறைக்காரர் இதற்குக் காம்பவுண்டு என்னும் அராவுங் களிம்பைத் தேய்த்துச் சிதைந்த மேற்படையை நீக்குவர். நீக்கியபின் உள்ளிருக்கும் நல்ல வண்ணம் வெளிப்படும். ஆனால் ஒவ்வொரு முறையும் வண்ணத்தின் தடிப்புக் குறையும். வண்ணமோ மயிரிழையளவு தடிப்புடைய பொருள். ஆகவே காம்பவுண்டு போடுதல் முதலை எடுத்துச் செலவிடுதல் போலும். மெழுகிடுதல் அவ்வாறன்று. அது மேலே ஒன்றை வைக்கின்றது. கீழிருப்பதில் ஒன்றையும் எடுப்பதில்லை. மாமா 40 ஆண்டில் மும்முறைக்குமேற் காம்பவுண்டு போடவில்லை. மெழுகு மட்டும் ஆண்டுக்கு ஐந்தாறு முறை இட்டு வந்தார்.

அவர் செய்யும் முறையைச் சற்று விரிவாகவே கூறுகின்றேன். பயன்படுத்த விரும்புவார்க்கு உதவட்டும். முதல்நாள் மாலையில் வண்டியைக் கழுவுவார். பாத்திரம் விளக்கும் சோப்பைத் தொடவிடார். அது பழைய மெழுகைக் கரைத்துக் கொண்டுபோகும். ஆழ்குழாய்க் கிணற்று நீர் ஆத்தூரில் உப்பும் சுண்ணமும் மிக்கது. துளி தானே உலர்ந்தால் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஆதலின் கழுவிய கையோடு ஈரம் முழுதையும் ஒற்றியெடுத்து விடுவார். வாடகை வண்டி ஓட்டுநர் சிலர் மண்ணெண்ணெயோ டீசலோ நீரிற் கலந்து துடைப்பர். துடைத்தவுடன் மினுங்கும், மாலைக்குள் ஊர்த் தூசி முழுதும் அதில் ஒட்டும். அவ்வழக்கத்தை மாமா "முகத்துக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு திருவிழாவுக்குப் போவது" என்று எள்ளுவார்.

மறுநாள் விடியற்காலையில், வேப்பமரத்தடியிலன்று, வீட்டின் மேற்குப்புறச் சுவர் நிழலில் வண்டியை நிறுத்துவார். வேம்பு நிழல் தரும். கூடவே பிசினும் பறவை எச்சமும் தரும். தகடு கைக்குக் குளிர்ந்திருத்தல் வேண்டும். சூடேறிய தகட்டில் இட்டால் மெழுகைக் களிம்பாக வைத்திருக்கும் எண்ணெய் உடனே ஆவியாகி, மெழுகு திட்டுத்திட்டாக இறுகிப்போகும். பின்னர் எத்துணைத் தேய்த்தும் கோடுகள் மறையா. ஆதலின் சித்திரையில் காலை 8 மணிக்கு மேல் அவர் டப்பாவைத் திறப்பதில்லை.

துணி, திருப்பூரிலிருந்து வரும் பனியன் துணித் துண்டு. தையலும் பொத்தானும் இல்லாததாக ஆராய்ந்தெடுத்தது. அதனைச் சிறிதே நனைத்துப் பிழிந்து, மெழுகின்மேல் ஒருமுறை மட்டும் ஒற்றுவார். அவ்வளவே ஒரு கதவின் பாதிக்குப் போதும். அளவைப் பற்றி அவர் கூறும் உவமை, தோசைக் கல்லுக்கு எண்ணெய் தடவுதல். கல்லில் எண்ணெய் தேங்குமானால் தோசை கெட்டது. மெழுகு கண்ணுக்குத் தெரியுமாறு தடித்ததானால் வேலை கெட்டது. கறுப்பு ரப்பர்ப் பட்டைகளில் மெழுகு பட்டால் வெள்ளைக் கறையாகத் தங்கிவிடும். ஆதலின் அவற்றின் ஓரங்களில் விரல்நுனியால் மட்டும் நடத்துவார். வண்டி முழுவதற்கும் ஒரேமுறை இடாமல், பானட்டின் ஒரு பாதி, மட்கார்டு, கதவு எனப் பகுதி பகுதியாக இட்டுச் செல்வார்.

இட்ட மெழுகு சில நிமிடத்தில் உலர்ந்து மங்கலாகத் தோன்றும். எப்போது துடைப்பது என்பதே இத்தொழிலின் நுட்பம். முன்னரே துடைத்தால் மெழுகு துணியோடு வந்துவிடும். காலந் தாழ்த்தினால் வலிந்து தேய்க்க நேரும். கோடையில் ஐந்து நிமிடம் போதும். மார்கழி, தை மாதத்துப் பனிக்காற்றில் கால் மணி நேரமும் செல்லும். கறுப்பு வண்டியில் மங்கலைக் கண்ணாற் காணலாம். வெள்ளை வண்டியிலோ அது தெரிவதில்லை. ஆதலின் விரலே சான்று. ஆட்காட்டி விரலால் ஒருமுறை மெல்ல வருடுவார். மெழுகு இழுபட்டுப் பிசுபிசுத்தால் இன்னும் பொறுக்க வேண்டும். தூளாகி விரலடியில் வழுவழுப்பான தடம் வெளிப்பட்டால் துடைக்கலாம். "விரல் பதில் சொல்லட்டும், மாப்பிள்ளை, கடிகாரத்தைப் பார்க்காதே" என்பார். பின்னர் வேறொரு உலர்ந்த துணியால், பக்கத்தை மாற்றி மாற்றி மடித்துக்கொண்டு, அழுத்தாமல் துடைப்பார். வெண்மை ஆழம் பெற்றது போலக் காணும். அடுத்த மழையில் நீர் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும்.

இவ்வளவையும் திண்ணையிலிருந்து பார்க்கும் என் அத்தைக்கு ஒரு மனக்குறை உண்டு. "நான் வாசல் மெழுகினால் ஒருவரும் திரும்பிப் பாரார், இவர் வண்டி மெழுகினால் தெருவே நின்று பார்க்கிறது" என்பார். அக்குறை நியாயமுடையது. இரண்டும் கையால் மெல்லிதாகப் பரப்பும் ஒரே வேலை. இரண்டும் சில நாளில் அழிந்து மீண்டும் செய்யப்படுவன. ஒன்றுக்குப் பெயர் வீட்டு வேலை. மற்றொன்றுக்குப் பெயர் கைத்திறம்.

இனி, டப்பாவில் உள்ள பொருளைப் பற்றிச் சிறிது கூறுவேன். தமிழ்ப் புலவர்க்கு மெழுகு என்றாலே உருகுதல்தான் நினைவிற்கு வரும். "அனலிடைப்பட்ட மெழுகு" என்பது நம் உரைநடைக்குப் பழகிய உவமை. அது தேன்மெழுகை நோக்கி எழுந்தது. தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 65 பாகை வெப்பத்தில் உருகும். சுவாமிமலைச் சிற்பிகள் அதனைக் குங்கிலியத்தோடும் எண்ணெயோடும் கலந்து படிமத்தின் உருவமைத்து, மேலே மண் பூசிச் சூடேற்றி, மெழுகை வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்ப்பதும் அவ்வியல்பு பற்றியே. ஆனால் கோடை வெயிலில் நிற்கும் வண்டியின் கூரை கைவைக்க இயலாதவாறு கொதிக்கும். ஆண்டுத் தேன்மெழுகு மட்டும் இருப்பின் இளகித் தூசியைப் பற்றும். வண்டி மெழுகின் சிறந்த வகையில் உள்ளது வேறொரு மெழுகு. அதன் பெயர் கார்னௌபா. அது 82 முதல் 86 பாகை வரையிற் பொறுக்கும். தனியே எடுத்தால் கல்லைப் போன்று கடினமானது. ஆகவே தேன்மெழுகு முதலிய இளமெழுகுகளையும் டர்ப்பன்டைன் போன்ற எண்ணெயையும் கூட்டிக் களிம்பாக்குவர். காலணிக்கிடும் பாலிஷிலும், உதட்டுச் சாயத்திலும், மாத்திரைகளின் மேற்பூச்சிலும், குழந்தைகள் தின்னும் மிட்டாயின் பளபளப்பிலும் இதுவே இருக்கின்றது.

கார்னௌபா ஒரு பனையின் மெழுகு. தென் அமெரிக்காவில், பிரேசில் நாட்டின் வடகிழக்கில், பியாவி, சியரா என்னும் மாநிலங்களின் வறண்ட நிலத்து ஆற்றோரங்களில் அப்பனை வளர்கின்றது. நம் பனையைப் போலவே விசிறி ஓலை; நம் பனையைப் போலவே மட்டையில் முள். மழையற்ற மாதங்களில் தன்னீரைக் காத்துக்கொள்ளுமாறு ஓலையின்மேல் தானே ஒரு மெழுகுப் படலத்தை அது போர்த்துக்கொள்ளும். நீண்ட கழியின் நுனியிற் கட்டிய கத்தியால் ஓலைகளை அறுத்து வீழ்த்துவர். நம்மவர் துறட்டி கொண்டு செய்வதே. பின்னர் வெயிலில் உலர்த்தி அடித்து, உதிரும் தூளைத் திரட்டி உருக்குவர். விரியாத குருத்தோலை தருவது வெளிர்மஞ்சள் மெழுகு, அதுவே உயர்ந்தது. முற்றிய ஓலையின் மெழுகு கருமை கலந்தது. வறட்சியை எதிர்த்து ஒரு மரம் தன் இலைக்கு இட்ட மெழுகைச் சுரண்டி எடுத்து, வெயிலை எதிர்த்து நாம் வண்டிக்கு இடுகின்றோம். இம்மெழுகின்மேல் அமெரிக்கருக்கு இருந்த ஆவலுக்கு ஒரு சான்று கூறலாம். தரைக்கிடும் மெழுகு செய்து செல்வமீட்டிய ஜான்சன் கம்பெனியின் தலைவர் எச். எப். ஜான்சன் என்பார், 1935-இல் நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல சிகோர்ஸ்கி விமானம் ஒன்றில் விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகரினின்று புறப்பட்டுப் பிரேசிலின் போர்த்தலேசா வரையிற் சென்று இப்பனைகளைத் தேடி ஆராய்ந்து மீண்டார். அவருடைய மகன் 1998-இல் அதே வகை விமானத்தைப் புதிதாகச் செய்வித்து அவ்வழியே மீண்டும் பறந்தார்.

இவ்வரலாற்றின் மறுபக்கம் அத்துணை இனியதன்று. அப்பனந்தோப்புகளில் உழைப்போர் நிலையை 2017-இல் ஜெர்மானியத் தொலைக்காட்சி ஒன்று படமாக்கிக் காட்டிற்று. குடிநீர்க்கும் உறங்குமிடத்திற்கும் வழியின்றி, அடிமைநிலையை ஒத்த நிலையிற் கிடந்த கூலியாட்களைப் பிரேசில் அரசின் தொழிலாய்வாளர்கள் பல தோப்புகளினின்று மீட்டிருக்கின்றனர். இதனை யான் மாமாவுக்குப் படித்துச் சொன்னேன். அவர் நெடுநேரம் டப்பாவைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். அதன்மேல் அச்சிட்டிருந்தது ஒரு பளபளக்கும் வண்டியின் படம். "பனையேறிகளை நான் பார்த்திருக்கிறேன், அந்த மார்பும் கையும் காய்த்துப் போயிருக்கும். இதில் பனை இருக்கிறதென்று டப்பாக்காரன் எழுதவே இல்லையே" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் மெழுகு இட்டார். உழைப்பாளி துன்புறுகின்றான் என்பதற்காக அவன் பொருளை வாங்காதொழிந்தால் அவனுக்கு வரும் கூலியும் போகும். வாங்கினாலோ அத்துன்பத்திற் பங்கு வரும். இதற்கு எளிய விடை என்னிடமில்லை. மரவள்ளி ஆலைகளில் வெயிலில் மாவைக் கிளறும் பெண்களின் கூலியைப் பற்றி நம்முள் எத்தனைபேர் பாயசம் குடிக்கும்போது எண்ணுகின்றோம் என்பதையும் உடன் எண்ணிக்கொண்டேன்.

மெழுகின் பயனைப் பற்றி விற்போர் கூறுவனவற்றுள் மிகையும் உண்டு. பறவை எச்சத்தின் புளிப்பை அது சிறிது நேரமே தடுக்கும். சந்தனமும் குங்குமமும் பூசி எலுமிச்சை பிழிந்து ஆயுதபூசை கொண்டாடும் நம் வழக்கத்தினின்று எம்மெழுகும் வண்டியைக் காவாது. ஆத்தூர் வெயிலில் ஒரு பூச்சு இரண்டு மாதம் நின்றால் அதுவே மிகுதி. என் மாமன் மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையிற் பொறியாளன். அவன் தன் புதிய வண்டிக்குச் சிலிக்கா கலந்த செராமிக் பூச்சு இடுவித்திருக்கின்றான். அது ஆண்டுக்கணக்கில் நிற்கும். நீரும் அதில் இன்னும் நன்றாக உருண்டோடும். பயன் ஒன்றையே நோக்கின் அவன் செய்ததே அறிவுடைமை என்பதில் எனக்கு ஐயமில்லை. அப்பூச்சை இட்டவன் கடைக்காரன். வண்டியின் உடம்பை உடையவன் ஒருநாளும் தொட்டதில்லை. வேறுபாடு இதில்தான் உளது என்பதைப் பின்வரும் நிகழ்ச்சியால் அறிந்தேன்.

மாமாவுக்குக் கண்ணழுத்த நோய் வந்து பார்வை ஓரங்களிற் குறுகிற்று. எதிரே வருவது தெரியும். பக்கவாட்டில் வருவது தெரியாது. ஒருவரும் சொல்லாமலே 2019-இல் அவர் ஓட்டுதலை விட்டார். வண்டியை அண்டை வீட்டு இளைஞர் ஒருவர் வாரம் ஒருமுறை சிறிது தூரம் ஓட்டி வருவார். சொந்த வண்டிகளுக்குப் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பித்தல் வேண்டும். இவ்வண்டி 1999-இல் முதன்முறை புதுப்பிக்கப்பட்டது. மீண்டும் 2024-இல் காலம் வந்தது. முன்பு 600 ரூபாயாக இருந்த அக்கட்டணம் 2022 ஏப்பிரல் முதல் 5,000 ரூபாய் ஆகியிருந்தது. அவ்வாண்டுப் பொங்கலுக்கு ஓசூரினின்று வந்த மகன், வண்டியை விற்றுவிடுவதே நன்று என்றான். அவன் கூறியது முழுதும் உண்மை. ஓட்டுவாரில்லை, உதிரிப் பொருள்கள் அருகி வருகின்றன, செலவோ பெருகுகின்றது. "மச்சான், நீங்களாவது அப்பாவிடம் சொல்லுங்கள், பார்க்கவே முடியாத வண்டியை எதற்கு மினுக்குகிறார்?" என்று என்னைத் தனியே அழைத்துக் கேட்டான். யான் ஒன்றும் கூறவில்லை; கூறத்தக்கது எனக்கும் தெரியவில்லை. மாமா மட்டும், "விற்பதானாலும் மெழுகிட்டு விற்போம்" என்றார்.

மாட்டுப் பொங்கல் விடிந்தது. தெருவில் அவரவர் மாடுகளைக் கழுவிக் கொம்புக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தனர். மாமா வீட்டில் மாடு இல்லை. சுவர் நிழலில் வண்டி நின்றது. பனி மிகுந்திருந்தமையின் மெழுகு உலர நேரமாயிற்று. பானட்டும் மட்கார்டும் முடிந்தன. அவர் எப்போதும் கதவின் வெளிப்புறத்தோடு நில்லார். கதவைத் திறந்து, மூடினால் மறையும் விளிம்புகளுக்கும் மெழுகிடுவார். ஓட்டுநர்ப் பக்கத்துப் பின்கதவைத் திறந்து, அடிவிளிம்பில் துணியை ஓட்டிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். மீண்டும் ஓட்டினார். துணியை நீக்கி வெறும் விரலை வைத்தார். "இங்கே பார்" என்றார் மகனை. அவன் குனிந்து பார்த்தான், யானும் பார்த்தேன். வெள்ளை வண்ணம் மாசின்றி இருந்தது. "ஒன்றும் இல்லையே, அப்பா." "கண்ணால் பார்க்காதே, கையை வை."

அவன் கையை வைத்தான். கடுகளவு மேடு ஒன்று. அதனை அடுத்துச் சிறியனவாக நான்கைந்து. வண்ணத்தின் கீழே துரு கொப்புளித்துக் கொண்டிருந்தது. நகத்தால் அழுத்தியபோது வண்ணம் உடைந்து, செம்பழுப்புத் தூள் உதிர்ந்தது. அதன் நேர்கீழே, முன்னர்க் கூறிய தகட்டுப் பெட்டியை மாமா விரல்மடக்கால் தட்டிப் பார்த்துக்கொண்டே சென்றார். ஓரிடத்தில் மட்டும் ஒலி மாறிற்று. கதவின் அடியில் நீர் வெளியேறும் துளை மாவுத்தூசியும் மண்ணும் சேர்ந்து அடைபட்டிருந்தது. கழுவுநீரும் மழைநீரும் உள்ளேயே தங்கி அரித்திருக்கின்றன. இரும்பை உள்ளிருந்து அரிக்கும் துருவை மேலிட்ட மெழுகு எவ்வாறு தடுக்கும்? தடுக்கவில்லை. மெழுகிட்ட கைதான் அதனைக் கண்டது. மாமன் மகன் அரைமணி நேரம் ஒன்றும் பேசாமல் மற்ற மூன்று கதவுகளின் அடிவிளிம்புகளையும் விரலால் தடவிக்கொண்டிருந்தான். பொறியாளனாதலின், அவனுக்கு இதன் பொருள் என்னைக் காட்டிலும் நன்கு தெரியும். முன் இடக்கதவின் துளையும் பாதி அடைந்திருந்ததை அவனே கண்டு, குண்டூசியால் குத்தித் திறந்தான்.

அதன்பின் நடந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். ஆத்தூர்ப் பட்டறையொன்றில் டிங்கர் வேலை செய்யும் முதியவர் ஒருவர், துருவேறிய இடத்தைச் சாண் நீளத்திற்கு வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தார். இன்னும் ஓராண்டு சென்றிருப்பின் பெட்டி முழுவதையும் மாற்ற நேர்ந்திருக்கும் என்றார். பின்னர்ப் பட்டி பார்த்து, நீர்த்தாள் கொண்டு தேய்த்து, வண்ணம் இட்டனர். வண்டி ஆய்வுக்குச் சென்று 2029 வரையில் புதுப்பிக்கப்பெற்றது. கட்டணத்தை மகனே செலுத்தினான். விற்கும் பேச்சு அதனோடு ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன்; ஐந்தாண்டுக்குத் தள்ளிப் போடப்பட்டது என்பதே பொருந்தும். இதனை மாமாவும் அறிவார்.

ஆனால் ஒன்று மாறிற்று. அவன் ஊருக்கு வருந்தோறும் ஒரு பக்கத்துக்கு அவனும் மறுபக்கத்துக்குத் தந்தையும் மெழுகிடுகின்றனர். முதன்முறை அவன் துணியில் அள்ளிய அளவைப் பார்த்து, "தோசையா, பணியாரமா?" என்று அத்தை திண்ணையிலிருந்து கேட்டார். இப்போது அவன் அளவு தேறிவிட்டது. விரல்தான் இன்னும் அவசரப்படுகின்றது. துடைக்கத் தகுமா என்று மாமா தன் விரலை வைத்துப் பார்த்து ஒப்பிய பின்னரே அவன் துணியை மாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம்.

புதிதாக வண்ணம் இட்ட அந்தச் சாண் அளவு இடத்திற்கு அவ்வாண்டு வைகாசி வரையில் ஒருவரையும் மெழுகிட அவர் விடவில்லை. புது எனாமல் உள்ளே முற்ற உலர்ந்து இறுக மாதங்கள் செல்லும். அதற்குமுன் மெழுகால் மூடினால் அது மூச்சுவிட வழியின்றி மங்கிப்போகும் என்பது அவர் கணக்கு. மகன் அலைபேசியில் அழைத்தபோதெல்லாம் அவர் அவ்விடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டே விடை சொன்னார். ஆனி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை 7 மணிக்கு, "இன்று இடலாம், வா" என்று அவரே அவனை அழைத்தார். ஓசூரிலிருந்து ஆத்தூர் வந்து சேர அவனுக்கு நான்கு மணி நேரமாயிற்று. அதற்குள் தகடு சூடேறிவிட்டது. மறுநாள் விடியும் வரையில் காத்திருந்து இட்டனர்.